‘வாங்க’ சொல்லாதவள்

அவள் யாரையும் ‘வாங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால், கையில் இருக்கிற வேலையை விடாமல் தலையை மட்டும் தூக்கி, “என்னா?” என்பாள். கங்காணி வந்தாலும் அதே ‘என்னா’தான். மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவர்களுக்கும் அதேதான். ஒருமுறை அவள் புருஷனின் சொந்த அண்ணன் பாரிட் புந்தாரிலிருந்து ரயிலேறி, வாழைத்தார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றபோதும் இப்படித்தான் கேட்டாளாம். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் அந்த வரிசை வீடுகளில், இருந்த பெண்கள் அவளுக்கு ‘என்னாக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட்டால் அதற்கும் “என்னா?” என்று திரும்பிப் பார்த்திருப்பாள்.

அவளுடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது ஒன்று. பெயர் சொல்லாமல் பேசுவதுதான் அவள் வழி என்பது இன்னொன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் மலாய் நாட்டு ஈப்போவில் மருத்துவச்சியாக இருந்தேன். அப்பா வேதக்கோயிலில் உபதேசியார். என்னை மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்து இந்த வேலையைப் பழக்கினார். தோட்டங்களில் பிரசவம் சிக்கலாகிவிட்டால் ஆள் அனுப்புவார்கள். செமோர் ஸ்டேஷனில் இறங்கினால் மாட்டுவண்டி நிற்கும். அந்த வண்டியில் என் இடுப்பெலும்பு குலுங்கிய குலுக்கலுக்கு இன்றைக்கும் மழைக்காலத்தில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். போகிற வழியெல்லாம் ரப்பர் மரம். ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை, பார்த்துக்கொண்டே போனால் தூக்கம்தான் வரும்.

அவளை முதலில் பார்த்தது அப்படி ஒரு பிரசவத்தில். அவளுக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு. நான் போய்ச் சேர்ந்ததுமே பாய் விரித்தார்கள், விசிறி கொண்டுவந்தார்கள். யாரோ ஓடிப்போய் எங்கிருந்தோ சர்க்கரை வாங்கி வந்தார்கள். உள்ளே ஒருத்தி உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருக்கிறாள். நான் பிரசவத்துக்குக் கொதிக்க வைக்கச் சொன்ன தண்ணீரில் இவர்கள் எனக்குக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்கள். டவுனிலிருந்து வந்த நர்சம்மாவுக்கு ஒரு வாய் கோப்பி கொடுக்காமல் எப்படி? அப்போதுதான் ஒல்லியாக, உயரமாக, முழங்கை வரை ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய கையோடு ஒருத்தி உள்ளே வந்தாள். அடுப்பிலிருந்து தண்ணீர்ப் பானையை இறக்கி நேராக என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“அவங்க கோப்பி குடிக்கவா வந்தாங்க? போங்கடி அந்தாண்ட.”

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வெயிலில் திரும்பும்போது எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் படியில் உட்கார்ந்து, கையில் காய்ந்துபோன ரப்பர் பாலை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானே வாய்விட்டுத் தண்ணீர் கேட்டேன். உடனே எழுந்து போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தாகத்தில் போறவளைப் பார்த்தா தண்ணி வேணுமான்னு கேக்கமாட்டியா?” என்றேன், பாதி விளையாட்டாக.

“வேணும்னா நீங்க கேப்பீங்க. நான் கேட்டா வேணாமுன்னு சொல்லுவீங்க, பொறவு குடிப்பீங்க. அதுக்கு எதுக்கு அவ்வளவு பேச்சு?”

கையில் பால் உரிக்கிற அந்தப் பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு. மற்றவர்கள் பேசும்போது அவள் கண் தன் கையில்தான் இருக்கும். மெல்லிய தோல் மாதிரி உரிந்து வரும் ரப்பரைச் சுருட்டி உருண்டையாக்கிக் கீழே போடுவாள். அலட்சியமாக இருக்கிறாள் என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

ஈப்போவில் தமிழர்கள் சபை ஒன்று இருந்தது. அதன் செயலாளர் ஒரு வக்கீல். நல்ல மனிதர். பின்னால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சலித்துக்கொள்ளப் போகிறேன், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைகள் ஒரு வயது நிறைவதற்குள் போய்விடுகின்றன என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துரைமார் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தாய்மாரின் அறியாமை என்றார்கள். கோயிலில் விதி என்றார்கள், எங்கள் கோயிலிலும்தான். வக்கீல் சபைக் கூட்டத்தில் எழுந்து, “எல்லாரையும் கேட்டாச்சு. பெத்தவங்களக் கேட்டோமா?” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பெற்றவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி, விசாரிக்க ஒப்புக்கொண்டிருந்த அதிகாரி ஒருவரிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகையை ஒழுங்காக நடத்தவேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு வேலையில்லாமல் கொஞ்ச நாள் விடவேண்டும், பால் கொடுக்க நேரம் விடவேண்டும், இவ்வளவுதான் சபை கேட்கப்போவது. பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை மோட்டாரில் போனோம். வக்கீல், பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், நான். துரையிடம் முன்னாலேயே அனுமதி வாங்கியிருந்ததால் சேதி நாலு நாளைக்கு முன்பே லயத்துக்குப் போய்விட்டது. போய்ப் பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலெல்லாம் தெளித்துக் கோலம். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலைசீவி உட்காரவைத்திருந்தார்கள். நாங்கள் வீடு வீடாக ஏறிப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டோம். முதல் வீட்டில், டின் பால் கொடுக்கிறோம் என்று டின்னையே எடுத்துக் காட்டினார்கள். இரண்டாம் வீட்டிலும் டின் பால். மூன்றாம் வீட்டிலும். ஹெட்மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்தாவது வீட்டில் டின்னை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் ஒரு நெளிசல். அதே நெளிசலை முதல் வீட்டிலும் பார்த்திருந்தேன்.

வெளியே வந்தபோது மோட்டார் டிரைவர் லயத்தின் பின்பக்கமாகச் சுருட்டுப் பிடித்துவிட்டு வந்துகொண்டிருந்தான். சிரிப்பை அடக்க முடியாமல் என் காதோரம் சொன்னான்: “ஒரே டின்னுதான் லா, நர்சம்மா. நீங்க முன்னால போறீங்க, அது பின்னால போவுது.”

அடுத்தது அவள் வீடு. கோலம் இல்லை. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னா?”

வக்கீல் கைகூப்பி, பிள்ளைகள் நலம் விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார்.

“எனக்கு ஒரு பொண்ணு. எட்டு வயசு. நல்லா இருக்கு. டின்னு இங்க வரல, நான் வாங்கல. மூணாவது வீட்டுக்காரி கடன் சொல்லி வாங்குன டின்னு அது. ஒடைக்கவே இல்ல, மேல பாருங்க.”

வக்கீல் திரும்பி ஐந்தாவது வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டுக்காரி டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எல்லா வீட்டிலிருந்தும் அரிசி சேர்த்து, கங்காணி வீட்டுக் கோழி ஒன்றை வாங்கி, எங்களுக்குச் சாப்பாடு வேறு ஆக்கி வைத்திருந்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்து அந்தக் கோழியைத் தின்றேன். தின்னாமல் எழுந்தால் அதைவிடப் பெரிய அவமானம். விசாரிக்க வந்தவர்களும் வீட்டுக்கு வந்தவர்கள்தானே. வந்தவர்கள் முன்னால் இல்லாமையைக் காட்டினால் இருக்கிற மானமும் போய்விடும் என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். அதை ஏமாற்று என்று சொல்ல என்னால் முடியாது. அவர்கள் வேறு எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து பல நாள் லயத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. வந்த மனுஷர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளிவைத்தார்களாம். அவள் கடைசியில் நின்று பிடித்துக்கொண்டு போனாளாம். இதையெல்லாம் அவள் புருஷன்தான் என்னிடம் சொன்னான். சாதுவான மனிதன், புல்வெட்டு வேலை. “அவளுக்கு வாய் மட்டும்தாங்க சூசா. வேற ஒண்ணும் இல்ல,” என்றான். சூசா என்றால் மலாயில் தொல்லை. அதைக்கூடச் செல்லமாகத்தான் சொன்னான்.

பக்கத்து வீட்டில் பிறந்த பிள்ளையைப் பார்க்க மறுபடி போனபோது அவளிடமே கேட்டேன், ஏன் அப்படிச் செய்தாய் என்று. பால் உரித்துக்கொண்டே சொன்னாள்: “ஒம் புள்ளைக்கு என்னா குடுத்த, ஏன் செத்துச்சுன்னு மொகத்தப் பாத்துக் கேட்டா எவ சொல்லுவா? என்னையக் கேட்டா நானும் சொல்லமாட்டேன்.”

“அப்புறம் எப்படித்தான் கேக்கிறது?”

“கேக்காதீங்க. பால் நிறுத்து முடிஞ்சதும் கொழாயடிக்கு வாங்க. சும்மா ஒக்காருங்க. காருல வராதீங்க.”

‘வாங்க’ என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். அதுவும் வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது.

போனேன். பெண்கள் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குடமும் அழுக்குத் துணியுமாக வந்திருந்தார்கள். என்னைப் பார்த்து ஒருத்தி கோப்பி போடக் கிளம்பினாள். இவள் அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவள் உட்கார்ந்துவிட்டாள். யாரும் இவளோடு பேசாத சமயம் அது. இவள் யாரையும் பார்க்காமல், துணிக்குச் சவுக்காரம் போட்டுக்கொண்டே, பொதுவாகச் சொல்வது போல ஆரம்பித்தாள்.

“ஒரு வீட்டுல ஒருத்தி புள்ள பெத்தா. பெத்த வாரமே மரத்துக்குப் போயிட்டா. போவலன்னா செக்ரோல்ல பேரு இருக்காது, சம்பளம் இல்ல. மாரு கட்டிக்கிச்சு, காய்ச்ச வந்துச்சு, பாலு நின்னு போச்சு. புள்ளைக்குச் சோத்துத் தண்ணியில சீனி போட்டுக் குடுத்தா.”

அவ்வளவுதான். அப்புறம் துணியை அடித்துத் துவைக்க ஆரம்பித்துவிட்டாள். பிறகு அவளைத் தள்ளி வைத்திருந்தவர்களில் ஒருத்தியே, “இன்னொரு வீட்டுல,” என்று தொடங்கினாள்.

இப்படித்தான் அது நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான் போய் உட்காருவேன். எல்லாரும் ‘ஒரு வீட்டுல’ என்றுதான் சொல்லவேண்டும். எந்த வீடு என்று யாரும் கேட்கக்கூடாது. அது யார் வீடு என்று சுற்றி இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு லயத்தில் என்ன மறைக்க முடியும்? ஆனாலும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது. ஒரு நாள் ஒரு குமரி வாயைப் பொத்திச் சிரித்து, பக்கத்தில் இருந்தவளைக் கண்ணால் காட்டிவிட்டாள். இவள் எழுந்து போய், வரிசையில் நின்று அந்தக் குமரி பிடித்துவைத்திருந்த குடத்தைக் காலால் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆறுதல் சொல்லவும் அவள் விடமாட்டாள். சொல்கிறவள் அழுதால் மற்றவர்கள் ‘ஐயோ பாவம்’ என்று கிளம்புவார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும், பேச்சு விதிக்கும் சாமிக்கும் போய்விடும். இவள் கையை உரித்துக்கொண்டே காத்திருப்பாள். அழுகை நின்றதும், “அந்த வீட்டுல இருந்து ஆயாக் கொட்டாய் எம்மாந் தூரம்? பால் குடுக்க நடுவுல வர முடியுமா?” என்று கேட்பாள். அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலைப்பக்கத்து மரம் என்றால் முடியாது, ஆற்றோரத்து மரம் என்றால் ஓடி வந்து ஓடலாம், வேலையை மேய்க்கிற மண்டோர் பார்த்தால் அரைநாள் சம்பளம் போகும் என்று தெளிவாகச் சொல்வாள்.

பென்சிலைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்பதால் வீட்டுக்குப் போய்த்தான் எழுதுவேன். அடுத்தமுறை போனதும் அவள் முதலில் கேட்பது, “போன தடவ கேட்டத சொல்லுங்க,” என்றுதான். நான் பள்ளிப்பிள்ளை மாதிரி எழுந்து ஒப்பிக்கவேண்டும். பெண்களும் விடமாட்டார்கள். பிள்ளைக்கு உடம்பு சுட்டும் தாய் கவனிக்காமல் வேலைக்குப் போனதாக ஒருமுறை சொன்னேன். நாலு பேர் ஒன்றாகப் பாய்ந்தார்கள்.

“கவனிக்காம இல்ல, நர்சம்மா. தொட்டுப் பாத்தா. பெரட்டுக்கு மணி அடிச்சிருச்சு.”

திருத்திக்கொண்டேன். எவ்வளவோ வருஷம் பிரசவம் பார்த்த எனக்கு, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கிற அந்தப் பெரட்டு மணி பிள்ளையின் சாவோடு சேர்ந்த விஷயம் என்று அதுவரை தோன்றியதில்லை.

அபினிக் கதையும் அங்கேதான் வந்தது. அம்மைத் தழும்பு முகத்தோடு குள்ளமான ஒரு பெண், எப்போதும் கடைசியில் வந்து கடைசியில் உட்காருகிறவள், ஒரு நாள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். ஒரு வீட்டில் பிள்ளை ஓயாமல் அழும். அழுகிற பிள்ளையை ஆயா கொட்டகையில் வாங்கமாட்டாள், ஒருத்தி நாற்பது பிள்ளையை எப்படிப் பார்ப்பாள். அதனால் தாய்க்காரி விடியலில் பிள்ளையின் உதட்டில் கடுகளவு அபினி தடவிக் கொண்டுபோய் விடுவாள். மத்தியானம் வரை தூங்கும். எல்லாரும் செய்கிறதுதான். ஒரு நாள் கொஞ்சம் கூடிப்போயிற்றோ என்னவோ, வேலை முடிந்து வந்து தூக்கினால் பிள்ளை எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு இவள்கூட எதுவும் கேட்கவில்லை. கையை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

எழுதிக் கொடுத்ததை வக்கீல் என் எதிரிலேயே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் படித்தார். முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “எந்த வீடு?” என்பதுதான். எனக்குச் சலிப்பாக இருந்தது. அவர் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். பேர் இல்லாத பேச்சைச் சட்டம் வம்புப் பேச்சு என்று தள்ளிவிடும் என்றார். அவளிடம் கேளுங்கள், என்னால் முடியாது என்றேன். பாவம், ரயிலேறி, மாட்டுவண்டி ஏறி, கோட்டும் வேர்வையுமாக அவள் வாசலில் வந்து நின்றார்.

“என்னா?”

“அம்மா, அதிகாரி அடுத்த வாரம் இங்கேயே வந்து விசாரிக்கிறார். ஒருத்தர் எழுந்து ‘இது என் வீடு’ன்னு சொன்னாப் போதும். ஒரே ஒருத்தர். நான் உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்யறேன்?”

“சொன்னவள மறுநாளு யாரு வெச்சுக்குவா? ஒங்க வீட்டுலயா?”

யாராவது ஒருத்தி வாயைத் திறந்தால் குடும்பத்தோடு வெளியே. திறக்காவிட்டால் கொட்டகையும் இல்லை, ஓய்வும் இல்லை, அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கும் அதே கதி. அவள் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அது புரிந்துவிட்டது என்று தெரிந்தது. போகும்போது கொஞ்சம் தண்ணீர் கேட்டார். சொம்பு நிறையக் கொடுத்தாள்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. வெள்ளைக்கார அதிகாரி, அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், பக்கத்தில் துரை, கணக்குப் புத்தகங்களோடு கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா, வாசலில் கங்காணி. பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வக்கீல் முதல் கதையை வாசித்தார். அதிகாரி கேட்டார், மொழிபெயர்ப்பாளர் சத்தமாகத் தமிழில் கேட்டார்: “இது எந்த வீடு?”

ஒருவரும் அசையவில்லை. கங்காணி வரிசையின் முன்னால் மெதுவாக ஒரு நடை நடந்து திரும்பினார். அதிகாரி தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

“என் வீடுதான்,” என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஒரே ஒரு பெண். அவளுக்குப் பால் நிற்கவும் இல்லை, பிள்ளை போகவும் இல்லை. வக்கீல் இரண்டாவதை வாசித்தார். “அதுவும் என் வீடு.” காய்ச்சலும் பெரட்டு மணியும். “அதுவும்தான்.” அபினிக் கதையை வாசித்து முடித்தபோது அவள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பக்கமும் திரும்பாமல், நேராக அதிகாரியைப் பார்த்து நின்றாள்.

“எந்த வீடுன்னு கேக்கிறார்,” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

“அதான் சொல்றனே. என் வீடு. என் புள்ள.”

கிராணிக்கு எல்லாம் தெரியும். யார் வீட்டில் எது பிறந்தது, எது போயிற்று என்று அவர் கணக்கில் இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. வரிசை வரிசையாக வீடுகள் கெட்டிருப்பதைவிட ஒரு வீடு கெட்டிருப்பது தோட்டத்துக்கு எவ்வளவோ நல்லது. அதிகாரி எழுதினார். எழுதியதைத் தமிழிலும் சொல்லச் சொன்னார். இந்தத் தோட்டத்தில் மற்ற வீடுகளில் குறை ஒன்றும் காணவில்லை. ஒரே ஒரு வீட்டில், கவனமில்லாத ஒரு தாய், தன் பிள்ளைக்குத் தானே அபினி கொடுத்திருக்கிறாள். இப்படிப்பட்ட பெண்களைத் தோட்ட நிர்வாகம் கண்காணிக்கவேண்டும்.

கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துரை அதிகாரியைச் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். வக்கீல் தாள்களைக் கையில் பிடித்தபடி வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. யாராவது ஒருத்தி நிஜமாகவே எழுந்து, பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி என்று எழுந்திருந்தால்? எழுந்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாக இதை யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் அவள் பேரையும் புருஷன் பேரையும் செக்ரோலிலிருந்து வெட்டிவிட்டார்கள். செமோர் ஸ்டேஷனில் வைத்துப் பார்த்தேன். தகரப்பெட்டி ஒன்று, பாய் ஒன்று, பெண்பிள்ளை. பாரிட் புந்தாரில் புருஷனின் அண்ணன் இருக்கிறார், வயல் வேலை ஏதாவது கிடைக்கும் என்றாள்.

“ஏன் அப்படிப் பொய் சொன்னே?” என்றேன்.

“கேட்டாங்கல்ல. யாராச்சும் சொல்லணும்ல.”

“ஒண்ணும் நடக்கலையே. எல்லாத்தையும் உன் தலையிலேயே போட்டுட்டான்.”

“வேற யாரு தலையிலயும் விழலல்ல?” என்றாள். முகம் மிகவும் களைத்திருந்தது. அவ்வளவு களைப்பாக அவளை நான் பார்த்ததில்லை. ரயில் வந்தது. ‘போயிட்டு வாரேன்’ என்று அவள் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். எனக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது என்பதை அந்த ரயில் நகர்ந்த பிறகுதான் முழுசாக உணர்ந்தேன். பிறகு நான் அவளைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச காலம் கழித்து அதே லயத்துக்கு வேறொரு பிரசவத்துக்குப் போனேன். அவள் இருந்த வீட்டில் புதிதாக வந்த குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்காரி வாய் நிறைய ‘வாங்க’ என்றாள். வேலை முடிந்து கை கழுவக் குழாயடிக்குப் போனேன். பெண்கள் இருந்தார்கள். பேச்சு இல்லை. மண்டோர் பக்கத்திலேயே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அம்மைத் தழும்புக்காரி எழுந்து என் எதிரில் வந்து நின்றாள். மண்டோருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினாள்.

“நர்சம்மா, அந்த அபினி வீடு என் வீடு. வெச்சது நான்தான்.”

மண்டோர் துடைப்பதை நிறுத்திவிட்டான். மற்ற பெண்கள் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது முடிஞ்சு போச்சும்மா,” என்றேன். “எழுதி வாங்கிக்கிட்டு அவங்க போயிட்டாங்க. ஏன் இப்ப சொல்லி உன் பொழப்பைக் கெடுத்துக்கறே? அவ உனக்காகத்தானே சொன்னா?”

“யாரு சொல்லச் சொன்னா?” என்றாள். குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. “எல்லாரு முன்னாலயும் ‘என் புள்ள’ன்னு சொன்னா. அவ எப்புடிச் சொல்லலாம்? செத்தாலும் அது என் புள்ள. வெள்ளக்காரன் எழுதிக்கிட்டுப் போயிட்டான், அவ புள்ளன்னு. அத மாத்தணும் நர்சம்மா. என் புள்ளன்னு மாத்திக் குடுக்கச் சொல்லுங்க.”

யாரிடம் போய்ச் சொல்வது? நான் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“என்ன பேரு?” என்று கேட்டேன். அத்தனை மாதம் குழாயடியில் உட்கார்ந்தும், அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, வக்கீலுக்கும் தோன்றவில்லை, ரயிலேறிப் போனவளுக்கும் தோன்றவில்லை.

அவள் சொன்னாள். முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மண்டோர் பக்கம் திரும்பி இன்னொரு தடவையும் சொன்னாள்.